ஃபியூஸ் இருந்த இடத்தில் ஒரு செப்புத் துண்டு

பெங்களூரு மல்லேஸ்வரத்தில் ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர் ஒருவரின் வீட்டுக் கூடத்தில் எந்தச் சுவரோடும் சேராமல் இரண்டு கதவுகள் தனித்து நிற்கின்றன. முதன்முறை வருவோர் அவற்றை மறைப்புத் தட்டிகள் என்றே எண்ணுவர். ஆறடி உயரம், இரண்டடி அகலம், இரண்டு விரற்கடை கனம். இசைத்தட்டின் மேல் ஊசி இறங்கிய பின்னரே அவை ஒலிபெருக்கிகள் என்பது விளங்கும். பெட்டியும் இல்லை, கூம்பும் இல்லை. இழுத்துக் கட்டிய மெல்லிய படலத்தின் மீது அலுமினியக் கம்பிகள் ஒட்டப்பட்டிருக்கும். அவற்றின் எதிரே காந்தப் பட்டைகள் இருக்கும். உயர் சுருதிகளுக்கென ஓரத்தில் ஓர் அலுமினிய நாடா தொங்கும். சாக்லேட் உறையின் உள்தாளைவிட மெல்லியது அது. மூச்சுப் பட்டாலே அசையும். மினசோட்டா மாநிலத்தில் 3எம் நிறுவனத்தின் பொறியாளராயிருந்த ஜிம் வைனி 1969இல் தொடங்கிய மேக்னபான் நிறுவனமே இவ்வகையை உலகறியச் செய்தது. பேராசிரியர் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுக்காக அமெரிக்காவில் இருந்த காலத்தில் இவ்வகை இணை ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கி, வீட்டுச் சாமான்களோடு கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தவர்.

அந்த வீட்டுக்கு இரண்டு ஆண்டுகளாகச் சனிக்கிழமை தோறும் போய்வந்தவர் பொருளறிவியல் துறையின் ஆய்வு மாணவர் ஒருவர். முதலில் கடன் வாங்கிய புத்தகத்தைத் திருப்பித் தரப் போனார். பிறகு இசைக்காகவும், அம்மா தரும் ஃபில்டர் காப்பிக்காகவும் போனார். அவருக்குக் கைவேலை தெரியும் என்பது தெரிந்ததும் பேராசிரியர் ஒருநாள் ஒலிபெருக்கியின் பின்பக்கம் அழைத்துச் சென்று, இணைப்பு முனைகளுக்கு அருகிலிருந்த சிறு கறுப்பு மூடியைக் காட்டினார்.

"தம்பி, இதற்குள் ஒரு ஃபியூஸ் இருக்கிறது. முடி அளவு கம்பி. இத்தனை பெரிய இசை முழுவதும் அதன் வழியாகத்தான் போக வேண்டுமாம். இதை எடுத்துவிட்டு நேராக இணைத்துத் தர முடியுமா?"

கோரிக்கை புதியதன்று. உயர்தர ஒலிபெருக்கி வைத்திருப்போரிடையே பல பத்தாண்டுகளாக ஓயாத வழக்கு இது. பல்லாயிரம் ரூபாய் கொடுத்துத் தடித்த செப்புக் கம்பி வாங்குகிறோம், பொன்முலாம் பூசிய முனை வாங்குகிறோம், கடைசியில் எல்லாம் ஒரு பத்து ரூபாய்க் கண்ணாடிக் குழாய்க்குள் நுழைந்து நசுங்குகிறதே என்பது ஒரு கட்சி. அந்தப் பத்து ரூபாய்தான் மேற்படி பல்லாயிரத்தைக் காக்கிறது என்பது மறுகட்சி. இரண்டுக்கும் நடுவே ஒரு வணிகமும் தழைத்தது: ஒன்று சில ஆயிரம் ரூபாய்க்கு விற்கப்படும் 'இசைத்தர' ஃபியூஸ்கள். சிலவற்றின் மேல் எத்திசையில் பொருத்த வேண்டும் என்று அம்புக்குறிகூட இருக்கிறது. நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை திசை மாறும் மின்னோட்டம் அந்த அம்பைப் பார்த்து என்ன செய்யும் என்பதை விற்பவர்தான் சொல்ல வேண்டும்.

பாடநூல் உருகி என்று சொல்லும். வீட்டில் நாம் சொல்வது ஃபியூஸ். மின்னோட்டம் மிகும்போது பிற உறுப்புகளுக்கு முன் தானே உருகி வழியை அறுத்துக்கொள்ளும் கம்பி. தந்தி நிலையங்களை இடியிலிருந்து காக்க, கம்பித் தொடரின் ஒரு பகுதியை வேண்டுமென்றே மெலிதாக வைக்கலாம் என்று பிரெஞ்சு இயற்பியலர் பிரெகே 1847இலேயே எழுதினார். எடிசன் 1890இல் தம் மின்வழங்கல் அமைப்பின் பகுதியாக அதற்குக் காப்புரிமை பெற்றார். எளிய கருவி. ஆனால் பலர் எண்ணுவதைப் போலக் கறாரான காவலனன்று. பன்னாட்டுத் தரவரையறையின்படி, விரைவுவகை 2 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று 3 ஆம்பியரை ஒரு மணி நேரமாவது தாங்கியே ஆக வேண்டும். 4.2 ஆம்பியரில் அரை மணிக்குள் அறுந்தால் போதும். பத்து மடங்கு, அதாவது 20 ஆம்பியர் பாயும்போதுதான் 20 மில்லிவிநாடி என்ற கண்டிப்பு வருகிறது. நாடா எரிந்த பிறகு ஃபியூஸ் போன வீடுகளும் உண்டு.

ஃபியூஸ் ஒலியைக் கெடுக்கிறது என்ற வாதத்திலும் இயற்பியல் இல்லாமலில்லை. கம்பி சூடேறினால் அதன் மின்தடை கூடும். தாழ்ந்த சுருதி ஒன்றின் மின்னோட்டம் ஓர் அலைவுக்கு இரண்டு முறை உச்சம் தொடுவதால், கம்பியும் அலைவுக்கு இரண்டு முறை சூடேறித் தணிகிறது. மின்தடை இரட்டை அதிர்வெண்ணில் ஊசலாடுகிறது. அந்த ஊசலாட்டம் மூலச் சுருதியோடு பெருக்கப்பட்டு, இசையில் இல்லாத மூன்றாம் இசைப்பகுதி ஒன்றைப் பிறப்பிக்கிறது. இது அளக்கக்கூடிய திரிபு. பெருக்கி வடிவமைப்பாளர் பாப் கார்டெல் தம் நூலில் இதைப் பற்றி எழுதியுள்ளார். ஆனால் 20 ஹெர்ட்ஸில் ஆடக்கூடிய கம்பியின் வெப்பநிலை 3000 ஹெர்ட்ஸில் ஆட முடியாது; அவ்வளவு விரைவில் சூடேறித் தணிய அதற்கு அவகாசமில்லை. பேராசிரியர் கழற்றச் சொன்னதோ ட்வீட்டரின் ஃபியூஸ். அதாவது இவ்வாதம் மிகவும் வலுவிழக்கும் இடம். எஞ்சுவது இசையின் ஏற்ற இறக்கத்தோடு மெதுவாக நகரும் வெப்பம் மட்டுமே. அதையும் ஒலிபெருக்கியே பன்மடங்கு செய்துகொள்கிறது. அலுமினியத்தின் மின்தடை ஒரு பாகை செல்சியசுக்கு ஏறத்தாழ ஆயிரத்தில் நான்கு பங்கு கூடும். 4 ஓம் நாடா 50 பாகை சூடேறினால் 0.8 ஓம் கூடிவிடும். ஃபியூஸின் மொத்த மின்தடையே அதில் பத்திலொரு பங்கு வராது.

இவற்றையெல்லாம் மாணவர் சொன்னார். பேராசிரியர் பொறுமையாகக் கேட்டார். நாற்பது ஆண்டு மாணவர்களின் விளக்கங்களைக் கேட்டுப் பழகியவர். பிறகு சட்டைப் பையிலிருந்து சிறு பொட்டலம் ஒன்றை எடுத்தார். ஃபியூஸின் அளவுக்கே வெட்டி, முனைகளை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கிய இரண்டு செப்புத் துண்டுகள்.

"சித்தாந்தம் சரி. கேட்டுவிட்டுப் பேசுங்கள்."

ஒரு பக்கத்து மூடியைத் திறந்து, ஃபியூஸை எடுத்து, செப்புத் துண்டை வைத்தார்கள். மறுபக்கமும் அவ்வாறே. லால்குடி ஜெயராமனின் பழைய இசைத்தட்டு சுழன்றது. மாணவர் எதிர்பாராதது நடந்தது. வயலின் வில் தந்தியை உரசும் ஓசை முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது. கற்பனை என்று தள்ள முடியாத அளவுக்கு வேறுபாடு இருந்தது. அம்மாகூட அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன செய்தீர்கள்? நன்றாக இருக்கிறதே" என்றார். பேராசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய முகமே சொல்லியது.

அன்றிரவு விடுதி அறையில் மாணவருக்கு உறக்கம் வரவில்லை. கணக்கு ஒன்று சொல்கிறது, காது வேறொன்று சொல்கிறது. காதையும் எளிதில் ஒதுக்க முடியவில்லை, ஏனெனில் அது அவருடைய காதும்தான்.

அடுத்த சனிக்கிழமை ஆய்வகத்திலிருந்து நிலைமின்னோட்ட மூலம் ஒன்றையும் மில்லிவோல்ட் மீட்டரையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். சாதாரண மல்டிமீட்டரால் இவ்வளவு சிறிய மின்தடையை அளக்க முடியாது. அதன் கம்பிகளின் மின்தடையே கூடுதல். ஆகவே ஒரு ஆம்பியரை ஓட்டி, வேறு இரு கம்பிகளால் ஃபியூஸ் தாங்கியின் இரு முனைகளுக்கிடையே மின்னழுத்தத்தை அளந்தார். செப்புத் துண்டோடு 9 மில்லிவோல்ட், அதாவது 0.009 ஓம். பழைய ஃபியூஸை, முதல்நாள் எடுத்தபோது இருந்த அதே கறுத்த தொப்பிகளோடு, எதையும் தேய்க்காமல் மெல்லத் திரும்ப வைத்தபோது 412. பிறகு அதே ஃபியூஸின் தொப்பிகளையும் தாங்கியின் கவ்விகளையும் துடைத்து வைத்தபோது 63.

ஆக, 0.41 ஓமில் பெரும்பகுதி ஃபியூஸினுடையதன்று. கால் நூற்றாண்டின் ஈரக்காற்றில் தொடுமுனைகளில் படர்ந்த கறை. 4 ஓம் நாடாவோடு அது தொடராக நிற்கும்போது உயர் சுருதிகள் ஏறத்தாழ 0.8 டெசிபல் தாழ்ந்துவிடுகின்றன. பழகிய காதுக்கு அது கேட்கும். முனையைத் துடைத்தாலே அதில் 0.7 டெசிபல் திரும்பிவிடுகிறது. துடைத்த ஃபியூஸுக்கும் செப்புக்கும் எஞ்சுவது 0.1 டெசிபல். முதல்நாள் ஒப்பிட்டது ஃபியூஸையும் செப்பையும் அல்ல, கறையையும் கறையின்மையையும். கட்டுப்பாட்டு நிலை இல்லாத சோதனை. முதலாண்டு மாணவர் ஒருவர் தம் முன் கொண்டுவந்தால் இருவருமே திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

பேராசிரியர் எண்களை வாங்கிப் பார்த்தார். கணக்கைத் தாமே ஒருமுறை போட்டுப் பார்த்தார். "அப்படியானால் துடைத்த ஃபியூஸையும் செப்பையும் கண்ணறியாமல் ஒப்பிடுவோம்" என்றார். அம்மா ஒலிபெருக்கியின் பின்னே நாணயம் சுண்டி மாற்றி மாற்றி வைத்தார். பேராசிரியர் சாய்வு நாற்காலியிலிருந்து விடை சொன்னார். பதினாறு முறை. பன்னிரண்டு சரியாக இருந்தால் குருட்டாம்போக்கு என்று சொல்ல இடம் குறையும். அப்படி நேரும் வாய்ப்பு நூற்றில் நான்குக்கும் கீழே. அவர் பெற்றது ஒன்பது.

"ஒவ்வொரு முறையும் மாற்ற ஒரு நிமிடம் ஆகிறது. ஒரு நிமிடத்தில் காதின் நினைவு கலைந்துவிடும்" என்றார்.

மாணவரால் மறுக்க முடியவில்லை. அது நியாயமான ஆட்சேபம். ரிலே வைத்து நொடியில் மாற்றலாம். ஆனால் ரிலேயின் தொடுமுனைக்கும் மின்தடை உண்டு, அளக்க வந்த பொருளின் அளவே. இருவரும் சிரித்துவிட்டார்கள். "சரி, நீங்கள் புறப்படுங்கள், இருட்டுகிறது. ஃபியூஸை நானே திரும்ப வைத்துவிடுகிறேன்" என்றார் பேராசிரியர்.

அவர் மனத்தில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது என்பது பிறகு தெரியவந்தது. அவருக்கு எழுபத்து நான்கு வயது. அந்த வயதில் 8000 ஹெர்ட்ஸுக்கு மேலே பெரும்பாலான காதுகள் ஏறத்தாழ மூடிக்கொண்டிருக்கும். சில ஆண்டுகளாகவே தம்புராவின் மினுமினுப்பு குறைந்து வருவதாக அவருக்குத் தோன்றியிருக்கிறது. பதிவைக் குறை கூறினார், ஊசியை மாற்றினார், கம்பியை மாற்றினார். கடைசியில் ஃபியூஸுக்கு வந்து சேர்ந்திருந்தார். அன்று கறை நீங்கி வயலின் தெளிந்த பத்து நிமிடங்கள் அவருக்கு என்னவாக இருந்திருக்கும் என்பதை எந்த மீட்டரும் காட்டாது.

இரண்டு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை இரவு தொலைபேசி வந்தது. "தம்பி, ஃபியூஸ் போய்விட்டது போலிருக்கிறது. சத்தமாகக்கூட வைக்கவில்லை. காரணமே இல்லை. இதற்குத்தான் வேண்டாம் என்றேன்."

மாணவர் எஸ்.பி. ரோடில் அதே அளவு ஃபியூஸ் அரை டஜன் வாங்கிக்கொண்டு சனிக்கிழமை போனார். வலப்பக்கம் ஃபியூஸ் அறுந்திருந்தது. புதியதை வைத்து, அருகிலிருந்த சிறிய பெருக்கி ஒன்றை இணைத்ததும் நாடா பேசியது. இடப்பக்க நாடா பேசவில்லை. மூடியைத் திறந்தார். உள்ளே செப்புத் துண்டு இருந்தது.

பேராசிரியர் சற்று நேரம் ஜன்னலைப் பார்த்தார். "அன்றைக்கு வைத்தேன். ஒரு பக்கம் மட்டும். வேறுபாடு தெரிகிறதா என்று மெதுவாகக் கேட்டுப் பார்க்கலாம் என்று" என்றார்.

நாடா நடுவில் அறுந்து, இரு முனைகளும் சுருண்டிருந்தன.

காரணம் இல்லாமல் இல்லை. அது பெருக்கியில் இருந்தது. அப்பெருக்கி பேராசிரியர் இளமையில் தம் கையாலேயே கட்டியது. சென்ற மாதம் மகன் வெளிநாட்டிலிருந்து பின்னல் வகை ஒலிபெருக்கிக் கம்பி ஒன்றை அன்பளிப்பாக அனுப்பியிருந்தார். பல மெல்லிய இழைகளை நெருக்கிப் பின்னிய அத்தகைய கம்பியில் மின்தேக்குத்திறன் மிகுதி. சில பெருக்கிகளால் அதைத் தாங்க முடியாது. நிலைகுலைந்து தாமே ஊசலாடத் தொடங்கும். மாணவர் ஒலிபெருக்கிகளைக் கழற்றிவிட்டு, பெருக்கியை அந்தக் கம்பியின் வழியே வெறும் மின்தடையோடு இணைத்து ஆசிலோஸ்கோப்பில் பார்த்தார். இசையே இல்லாதபோது ஏறத்தாழ 200 கிலோஹெர்ட்ஸில் ஓர் அலை திரையை நிறைத்து நின்றது. மனிதக் காதின் எல்லையைப்போல் பத்து மடங்கு. எழுபத்து நான்கு வயதுக்காரர் மட்டுமல்ல, ஏழு வயதுக் குழந்தையும் அதைக் கேட்டிருக்க முடியாது. வெப்பத்தகடு கை வைக்க முடியாதபடி கொதித்தது. ஊசலாட்டத்தை அடக்க வெளியீட்டில் இருக்கும் சிறு சுற்றின் மின்தடை கருகியிருந்தது. இத்தகைய அலையை ட்வீட்டருக்கு முன்னிருக்கும் கெப்பாசிட்டர் தடுக்காது. நேர்மின்னோட்டம் வந்தால் அது தடுக்கும். உயர் அதிர்வெண்ணுக்கோ அதுவே திறந்த வாசல்.

பெருக்கியின் வரைபடத்தை விரித்தபோது வெளியீட்டு முனையில் ஒரு சிறு கம்பிச்சுருள் வரையப்பட்டிருந்தது. இப்படிப்பட்ட கம்பிகளின் சுமையிலிருந்து பெருக்கியைப் பிரித்து வைப்பதே அதன் வேலை. உள்ளே அந்தச் சுருள் இல்லை.

"எப்போது எடுத்தீர்கள், சார்?"

"தொண்ணூறுகளில். ஒலியின் பாதையில் தேவையில்லாத உறுப்பு என்று நினைத்தேன்."

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பாதுகாப்பை எங்கே வைப்பது என்பதற்கு ஃபியூஸ் மட்டுமே விடையன்று. இங்கிலாந்தின் பீட்டர் வாக்கர் 1957இல் வெளியிட்ட குவாட் நிலைமின் ஒலிபெருக்கியில் காவல் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. பெரிய பெருக்கியோடு இணைத்தவர்கள் உள்ளே பொறி பறந்து தகடு ஓட்டையாவதைக் கண்டார்கள். அதன் வழித்தோன்றலாக 1981இல் வந்த ஈஎஸ்எல்-63இல் அவர் வேறு வழி கண்டார். உள்ளே பொறி எழும் அறிகுறியை உணர்ந்தால் ஒலிபெருக்கி தன் உள்ளீட்டையே குறுக்காக இணைத்துவிடும். தொடரில் எந்த உறுப்பும் இல்லை, தூய்மைவாதிகளுக்கு மகிழ்ச்சி. ஆனால் அந்தக் குறுக்கிணைப்பைத் தாங்க வேண்டியது பெருக்கி. காவலின் செலவு ஓரிடத்தில் குறைந்தால் இன்னோரிடத்தில் ஏறுகிறது. ஃபியூஸைத் தவிர்க்க விரும்புவோர் அந்தச் செலவை யார் தலையில் வைக்கிறோம் என்று கணக்குப் பார்த்திருந்தால் அவர்களோடு பெரிய சண்டை தேவையில்லை. நன்கு வடிவமைத்த, தன் பிழையைத் தானே உணர்ந்து துண்டித்துக்கொள்ளும் பெருக்கி உடையவர், மிதமான ஒலியில் கேட்பவர், மாற்று நாடா எளிதில் கிடைக்கும் ஊரில் வாழ்பவர் செப்புத் துண்டை வைத்துக்கொண்டால் பெரிதாக ஒன்றும் நேராமல் போகலாம். மல்லேஸ்வரத்து வீட்டில் இந்த மூன்றில் ஒன்றுதான் இருந்தது.

புதிய நாடா விமானச் சரக்கில் வந்து சேர மூன்று மாதமாயிற்று. நாடாவின் விலையும் சரக்குக் கட்டணமும் சுங்கவரியும் சேர்ந்த தொகை மாணவரின் மாத உதவித்தொகையைத் தாண்டியது. அந்த மூன்று மாதமும் இசைத்தட்டு சுழலவில்லை. சனிக்கிழமைகளில் காப்பி மட்டும் இருந்தது. மாணவர் அந்த இடைவெளியில் பெருக்கியில் சுருளைச் சுற்றிப் பொருத்தினார். கருகிய மின்தடையை மாற்றினார். பின்னல் கம்பியோடு மறுபடி சோதித்தார். திரை அமைதியாக இருந்தது.

நாடாவைப் பொருத்திய அன்று பேராசிரியர் மீண்டும் அந்தக் கேள்வியை எடுத்தார். இம்முறை அவர் குரலில் பிடிவாதம் இல்லை. தேர்வுக் குழுவில் கேட்பது போன்ற ஒரு நிதானம் இருந்தது.

"பிழை பெருக்கியினுடையது. அது தீர்ந்துவிட்டது. இனி இதே காரணத்தால் நாடா எரியாது. அப்படியானால் ஃபியூஸுக்கான உங்கள் வாதமும் பலவீனமாகிவிட்டது அல்லவா?"

"இதே காரணத்தால் எரியாது, சார். அடுத்த காரணம் என்னவென்று எனக்குத் தெரியாது."

"தெரியாததற்குக் காவல் வைப்பதென்றால் முடிவே இல்லை."

"0.1 டெசிபல்தான் விலை, சார்."

அவர் சிரித்தார். தாங்கியை அடியோடு நீக்கிவிட்டு, முனைகளில் கம்பியோடு வரும் ஃபியூஸை நேரே சால்டரிங் செய்துவிடலாம் என்று மாணவர் ஒரு வழி சொன்னார். தொடுமுனையே இராது, கறை படர இடமிருக்காது, காவலும் இருக்கும். பேராசிரியர் தம் வலக்கையை மேசைமேல் நீட்டிக் காட்டினார். விரல்கள் மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தன. "அது போய்விட்டால் மாற்ற என்னால் ஆகாது. நீங்கள் ஜூலையில் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவீர்கள்."

ஆகவே பழைய தாங்கியே நின்றது. கவ்விகளை இறுக்கி, துடைத்து, இரு பக்கமும் புதிய ஃபியூஸ் வைத்தார்கள். மீதமிருந்த ஃபியூஸ்களை மாணவர் ஒரு பழைய ஃபிலிம் டப்பாவில் போட்டு ஒலிபெருக்கியின் காலடியில் வைத்தார். பேராசிரியர் பென்சிலை எடுத்து, பின்பக்கத்து மரச்சட்டத்தில் அன்றைய தேதியையும், 'ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைக்கவும்' என்பதையும் எழுதினார். செப்புத் துண்டுகள் இரண்டையும் அதே டப்பாவில் போடப் போனவர், ஒரு கணம் யோசித்து, மாணவரிடம் நீட்டினார்.

"இவை உங்களிடம் இருக்கட்டும்" என்றார். பிறகு இசைத்தட்டின் உறையைப் பிரித்தார்.